இரண்டு முறை வெட்டி எழுதிய பெயர்

போன வருடம் திருகோணமலை நகரத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்கு ஒரு விண்ணப்பப் படிவம் தந்தார்கள். ஃபோட்டோகொப்பியின் ஃபோட்டோகொப்பி. எழுத்தெல்லாம் புழு நெளிந்த மாதிரி இருந்தது. தலைப்பில் ‘தொலைத்தொடர்பு மற்றும் டிஜிட்டல் உட்கட்டமைப்பு அமைச்சு’ என்று அச்சாகியிருந்தது. யாரோ அதைக் கோடிழுத்து வெட்டி, மேலே கையால் ‘தொழில்நுட்ப அமைச்சு’ என்று எழுதியிருந்தார்கள். அந்த வெட்டும் எழுத்தும்கூடக் கொப்பியிலேயே விழுந்திருந்தன. பிறகு அதையும் வெட்டி, இந்த முறை உண்மையான நீலப் பேனையால், ‘டிஜிட்டல் பொருளாதார அமைச்சு’.

கவுண்டரில் இருந்த பெடியனிடம் காட்டினேன். “அடுத்த தரம் அடிக்கேக்க சரிவரும் அண்ணை” என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். “அதுக்குள்ள இன்னொரு பேர் வந்திடும்.”

வெளியே வேப்ப மர நிழலில் நின்று நிரப்பினேன். ஒரு தாளைப் பிழையாக எழுதிக் கசக்கிப் போட, கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் வந்து திரியும் மான்களில் ஒன்று அதை மோந்து பார்த்து, எடுத்து மென்றது. எங்கள் ஊர் மான்களுக்குக் கடதாசி புதிதில்லை. எந்த அமைச்சு என்று பார்க்காமல் தின்னும்.

எனக்கு அப்படிப் பார்க்காமல் விட முடியாது. அந்த அமைச்சின் சோற்றில் வளர்ந்தவன் நான். அப்பா 1960இல் தபால் திணைக்களத்தில் சேர்ந்தவர். நான் பிறகு பத்து வருடம் ஏகாம்பரம் வீதியில், காசுக்கு டெலிபோன் பேசவிடும் ஒரு கொமினிகேஷன் கடை நடத்தினேன். இப்போது அதே கடையில் ஒரு லப்டொப்பும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு, ஒன்லைன் படிவம் நிரப்பத் தெரியாத சனத்துக்கு நிரப்பிக் கொடுக்கிறேன். கடிதம், தந்தி, டெலிபோன், இப்போது இந்த டிஜிட்டல் என்று எல்லாம் ஒரே வீட்டுக் கூரைக்குக் கீழேதான் எங்களுக்கு நடந்தது. அரசாங்கத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

அப்பாவின் கந்தோர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது திகதி முத்திரைதான். மரக் கைப்பிடி, பித்தளைத் தலை. காலையில் கந்தோர் திறந்ததும் அதில் நாள் எழுத்தை மாற்றுவார். சின்ன இடுக்கியால் நேற்றைய இலக்கத்தைக் கழற்றி, இன்றையதைப் போட்டு, ஒரு வெறுங் கடதாசியில் ஒருதரம் குத்திப் பார்ப்பார். வட்டம் முழுசாக விழுந்தால்தான் கவுண்டர் பலகையைத் தூக்குவார். பள்ளி விடுமுறையில் போய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். டொக் டொக். மைத் திண்டில் ஒன்று, கடிதத்தில் ஒன்று. அந்தச் சத்தத்தை வைத்து அன்று கூட்டமா இல்லையா என்று வாசலிலிருந்தே சொல்லலாம்.

தந்தி இன்னொரு உலகம். சொல்லுக்குக் காசு, விலாசமும் சொல்லில் சேரும். சம்பூரிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ வந்து நிற்கிறவருக்கு இங்கிலீஷ் தெரியாது. செத்த வீட்டுச் செய்தியை அழுது அழுது தமிழில் சொல்லுவார், அப்பா அதை மூன்று நாலு சொல்லாகச் சுருக்குவார். ‘ஃபாதர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இமீடியட்லி.’ அனுப்ப முதல் அந்த வரியைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். ஒருதரம் ஒரு மனுசி, “ஐயா, ‘கெதியா வா’ எண்டதில கொஞ்சம் கோவமாச் சொல்லுங்கோ, அவன் லேசில வரமாட்டான்” என்றாவாம். அப்பா இன்னொரு ‘இமீடியட்லி’ சேர்த்து எழுதி, அந்த ஒரு சொல்லுக்குத் தன் காசைப் போட்டாராம். இதை அவர் எத்தனை தரம் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வந்தது. அடுத்த வருடம் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் தந்திக் கம்பி. அன்றிலிருந்து சுதந்திரம் வரைக்கும் அதற்குப் பிறகும், கடதாசியில் போவதும் கம்பியில் போவதும் ஒரே இடத்து வேலை என்றே இருந்தது. 1947இல் டி. எஸ். சேனநாயக்க அமைத்த முதல் அமைச்சரவையில் தபால், தொலைத்தொடர்பு அமைச்சராக வந்தவர் ஒரு தமிழர். மன்னார்த் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்ற சி. சிற்றம்பலம். பிறகு அவருக்குக் கைத்தொழிலும் மீன்பிடியும் போயிற்று. 1956இல் பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் தபாலும் ஒலிபரப்பும் சி. ஏ. எஸ். மரிக்காரிடம். 1970 முதல் 1977 வரை சிறிமாவோவின் அரசாங்கத்தில் தபால், தொலைத்தொடர்பு செல்லையா குமாரசூரியரிடம். (குமாரசூரியர் பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்களில் சிலருக்கு, உயிர்கள் பலியான 1974 யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாடு ஞாபகம் வந்து முகம் மாறும். அது வேறு கதை.) 2007இல்கூட அந்த அமைச்சு ரவூப் ஹக்கீமிடம் இருந்தது.

அப்பா இதைத் தன்னுடைய பாணியில் சொல்லுவார்: “நம்மட ஆக்களுக்குக் குடுத்தா ஒண்டு தபால், இல்லாட்டி மீன்.” எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. சிங்கள அமைச்சர்கள்தான் அந்தக் கதிரையில் கூட இருந்தார்கள். ஆனாலும் ஒரு சிறுபான்மைக்காரரை அமைச்சரவையில் சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தால், கை நீளுகிற பெட்டகங்களில் தபால் ஒன்று என்பது அப்பாவின் வாதம். நான் அதை மறுக்கக் கொஞ்சக் காலம் முயன்று பார்த்து விட்டுவிட்டேன். ஒரு துறை வருமானமில்லாத துறையாக, சம்பளப் பட்டியல் நீண்ட துறையாக இருக்கும்வரை அதை யாரிடமும் கொடுக்கலாம். காசும் காதும் அதில் சேர்ந்த பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால், அப்பா சொன்னதில் பாதியாவது சரி.

தபால் அரசாங்கத்தின் முகம் என்பதை எங்கள் அரசியல்வாதிகளும் நன்றாக விளங்கிவைத்திருந்தார்கள். சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்பதற்கு எதிரான 1961 சத்தியாக்கிரகம் பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கித் திருகோணமலைக் கச்சேரி (அரசாங்க அதிபர் கந்தோர்) வாசலுக்கும் வந்தது. ஏப்ரல் 14ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் என்ன செய்தார்? துவக்குத் தூக்கவில்லை, கொடி ஏற்றவில்லை. ‘தமிழரசுத் தபால் சேவை’ என்று ஒன்றைத் தொடங்கி முத்திரை விற்றார். மூன்றே நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்களைப் பிடித்து அடைத்தார்கள். ஒரு அரசாங்கத்துக்கு எதில் நோகும் என்று பார்த்துக் கைவைத்தது மாதிரி. அப்பா அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூடச் சரியாக ஆகவில்லை. “நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டிருக்கிறேன். “நான் என்ன செய்யிறது? திகதியை மாத்தினன், முத்திரையைக் குத்தினன்” என்பார். அந்தப் பதிலுக்கு மேல் ஒரு நாளும் போனதில்லை.

1980இல் தபாலையும் தொலைத்தொடர்பையும் இரண்டு திணைக்களமாகப் பிரித்தார்கள். அண்ணன் தம்பி சொத்துப் பிரித்தது மாதிரித்தான். கம்பி ஒருவருக்கு, காக்கிப் பை மற்றவருக்கு. யாருக்கு வயல், யாருக்கு வரம்பு என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்களில் வீட்டுக்கு ஒரு டெலிபோன் எடுப்பதென்றால் நாடு முழுவதும் வருடக்கணக்காகக் காத்திருப்பு. வாங்கினவர் வீட்டு வாசலில் அயலவர்கள் செருப்பு நிறையக் கிடக்கும். அதனால் கம்பி பெரிய சொத்தாகத் தெரியவில்லை. அப்பா தபாலோடு நின்றார்.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் வந்து தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமானது. 1996இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை உருவாக்கினார்கள். அதே வருடம் டெலிகொம் கம்பனியாக மாறியது. 1997இல் அதன் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 225 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அப்போது அமைச்சர் மங்கள சமரவீர, சந்திரிகா அரசாங்கத்தில் செல்வாக்கு மிக்கவர்களில் ஒருவர். அப்பா பேப்பரில் அந்தத் தொகையைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “கம்பிக்கு இவ்வளவு காசா?” அவர் அப்போது இளைப்பாறிவிட்டார்.

இதில் ஒரு விசயம் கவனிக்க வேண்டியது. அதுவரைக்கும் கம்பி போடுவதும், கட்டணம் தீர்மானிப்பதும், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் ஒரே ஆள். இனிமேல் கம்பனி விற்கும், ஆணைக்குழு மேற்பார்வை செய்யும், அமைச்சு கொள்கை வகுக்கும். 1989இலேயே செல்டெல் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிவிட்டது, 1995இல் டயலொக் வந்துவிட்டது. ஆகவே நடுவர் ஒருவர் தேவைதான். ஆனால் அந்த நடுவர் யாருடைய மேசைக்குக் கீழே இருப்பார் என்பதை அரசியல் தீர்மானிக்கும். பின்னால் வந்த கூத்தெல்லாம் அந்த ஓட்டையால் வந்தவை.

அப்பாவின் இளைப்பாற்றுக் காசில் ஒரு பங்கை எடுத்துத்தான் நான் கடை போட்டேன். அந்த நேரம் கொமினிகேஷன் என்றால் ஊரில் ஒரு மவுசு. பலகையால் அடித்த இரண்டு கூண்டு, உள்ளே ஒரு முக்காலி, ஒரு மின்விசிறி, கண்ணாடியில் ஒட்டிய நாட்டு இலக்கப் பட்டியல். வெளியே என் மேசையில் ஒரு மீட்டர். சிவப்பு இலக்கத்தில் ஓடும். கனடா, சுவிஸ், லண்டன், சவூதி. ஒரு நிமிடக் காசில் ஒரு ஆள் நல்லாகச் சாப்பிடலாம்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மாமார் வருவார்கள். கையில் என்ன பேச வேண்டும் என்று எழுதின துண்டு இருக்கும். கூண்டுக்குள் போனதும் அந்தத் துண்டு மறந்துபோகும். “சாப்பிட்டியா ராசா?” என்பதிலேயே ஒரு நிமிடம் போய்விடும். குரல் போய்த் திரும்பி வர ஒரு சுணக்கம் இருக்கும், இரண்டு பேரும் ஒரே நேரம் பேசி, இரண்டு பேரும் ஒரே நேரம் நிறுத்தி, பிறகு இரண்டு பேரும் “சொல்லு சொல்லு” என்பார்கள். மீட்டர் அதற்கும் ஓடும். உப்புவெளியிலிருந்து வருகிற ஒரு அம்மா மட்டும் உள்ளே போக முதல் என்னிடம், “தம்பி, மூண்டு நிமிசம் ஆனதும் கண்ணாடியில தட்டும்” என்று சொல்லிவிட்டுப் போவா. தட்டினால் கையால் சைகை காட்டுவா, இன்னும் ஒன்று. பிறகு இன்னும் ஒன்று. நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன், காசில் கொஞ்சம் குறைத்தேன். அப்பாவின் ‘இமீடியட்லி’ எனக்குள்ளும் இருந்திருக்கும் போல.

சரி, கடையைக் கவிழ்த்தது எது? சமாதானம்தான். சிரிக்காதீர்கள். 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்தது, அதன் பின்னால் எங்கள் பக்கம் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழும்பின. அதே வருடம் ஓகஸ்டில் வெளிநாட்டு அழைப்புகளில் டெலிகொம்முக்கு இருந்த ஏகபோக உரிமை முடிந்தது. 2003இல் மற்ற நிறுவனங்களுக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்க, நிமிடக் காசு மளமளவென்று விழுந்தது. 2005க்குப் பிறகு சி.டி.எம்.ஏ. போன்கள். கம்பி இல்லாமல் ஒரு பெட்டி, ஒரு குட்டி அன்ரெனா, அதை மேசையில் வைத்தால் வீட்டில் டெலிபோன். அந்த உப்புவெளி அம்மா வீட்டிலும் ஒன்று வந்தது. ஒரு நாள் என் கடைக்குப் போன் எடுத்து, “தம்பி, வீட்டில இருந்துதான் கதைக்கிறன்” என்று சொன்னா. சந்தோசமாகத்தான் கேட்டேன். மேசை மீட்டரைப் பார்த்தேன், பூச்சியம்.

2003இலேயே அரசாங்கத்தில் இன்னொரு கிளை முளைத்திருந்தது. தகவல், தொடர்பாடல் தொழில்நுட்பச் சட்டம், அந்த வருடத்தின் 27ஆம் இலக்கம். அதன் கீழ் ‘ஐ.சி.டி.ஏ.’ என்ற முகவர் நிலையம். ‘ஈ-ஸ்ரீலங்கா’ என்று திட்டம், ஊர் ஊராக ‘நெனசல’ நிலையங்கள், தமிழில் அறிவகம். கோவில்களிலும் விகாரைகளிலும் வாசிகசாலைகளிலும் கணினி வைத்தார்கள். 2014இல் அதற்கு கேட்ஸ் அறக்கட்டளையின் சர்வதேச விருதுகூடக் கிடைத்தது. 2006இல் 1919 என்ற இலக்கம் வந்தது. எந்தத் திணைக்களத்தில் என்ன கேட்க வேண்டுமென்றாலும் மூன்று மொழியிலும் கேட்கலாம். இது எனக்கு மிகவும் பிடித்த சேவை. காரணம் அங்கே எதிர்முனையில் ஒரு மனிதர் இருந்தார். கவுண்டர் கொழும்புக்குப் போயிருந்தாலும் கவுண்டர் கவுண்டர்தான்.

அந்த வருடம் எங்கள் பக்கம் யுத்தம் திரும்பி வந்தது. முதலில் மாவிலாறு, பிறகு மூதூர். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் சனம் ஓடி வந்த நாட்கள். சேவை வரும், போகும். என் பழைய கம்பி போன் மட்டும் கிடந்து அடித்தது. கூண்டுக்கு வெளியே வரிசை நின்றது. காசு வாங்கினேனா இல்லையா என்று இப்போது ஞாபகமில்லை, வாங்கியிருப்பேன், எனக்கும் பில் வந்தது.

இனிப் பெயர்கள் ஓடும் வேகத்தைப் பாருங்கள். 2010 நவம்பரில் தொலைத்தொடர்பு, தகவல் தொழில்நுட்ப அமைச்சு, ரஞ்சித் சியம்பலாபிட்டிய. 2015 செப்டெம்பரில் தொலைத்தொடர்பு, டிஜிட்டல் உட்கட்டமைப்பு அமைச்சு, ஹரின் பெர்னாண்டோ. அதே அமைச்சரவையில் தபால் யாரிடம்? எம். எச். ஏ. ஹலீமிடம், முஸ்லிம் சமய அலுவல்களோடு சேர்த்து. அப்பா அப்போது உயிரோடிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் பேப்பரை அவரிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு, “பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார். 2018 கடைசியில் டிஜிட்டல் உட்கட்டமைப்பும் தகவல் தொழில்நுட்பமும் தனியாகப் பிரிந்தன, தொலைத்தொடர்பு வெளிநாட்டு வேலைவாய்ப்போடும் விளையாட்டோடும் சேர்ந்தது.

இந்த மாற்றமெல்லாம் எப்படி நடக்கிறது என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் ஒரு அமைச்சு பிறப்பதும் சாவதும் அதிவிசேட வர்த்தமானியில். ஜனாதிபதி கையெழுத்து வைக்கிறார். அதில் மூன்று நிரல் இருக்கும். முதலாவதில் அமைச்சின் கடமைகளும் பணிகளும், இரண்டாவதில் அதன் கீழ் வரும் திணைக்களங்களும் நிறுவனங்களும், மூன்றாவதில் அது நடைமுறைப்படுத்த வேண்டிய சட்டங்கள். பேப்பர்காரர் முதல் நிரலைத்தான் போடுவார்கள், அதில் அழகான சொற்கள் இருக்கும். நான் இரண்டாவது நிரலைப் பார்ப்பேன். ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கம்பி யார் கையிலென்று அது சொல்லிவிடும்.

2019 டிசம்பரில் அந்த ஆணைக்குழு பாதுகாப்பு அமைச்சின் நிரலில் இருந்தது. பொலிசோடும் ஆட்பதிவுத் திணைக்களத்தோடும் ஒரே பந்தியில். ஒரு வருடம் கழித்து, 2020 நவம்பரில், தொழில்நுட்ப அமைச்சு என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி அங்கே மாற்றினார்கள். அந்த அமைச்சும் ஜனாதிபதியிடம். 2022இல் ஜனாதிபதி மாறினார், அமைச்சு புதிய ஜனாதிபதியோடு நின்றது. 2024 நவம்பரில் அநுர குமார திசாநாயக்க அமைச்சரவையை அமைத்தபோது பாதுகாப்பையும் நிதியையும் வைத்துக்கொண்டதோடு, டிஜிட்டல் பொருளாதார அமைச்சு என்று புதிய பெயர் வைத்து அதையும் தானே எடுத்துக்கொண்டார். பிரதியமைச்சர் எரங்க வீரரத்ன. தபால் போய்ச் சுகாதார, ஊடக அமைச்சில் சேர்ந்தது.

சிற்றம்பலத்துக்குக் கொடுத்த பெட்டகம் இதுதான். கடதாசிப் பாதி ஒரு மூலைக்குப் போக, கம்பிப் பாதி ஜனாதிபதியின் மேசைக்கே வந்துவிட்டது. இதில் நல்லதும் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. நாட்டின் முதல் ஆள் நேரடியாகப் பொறுப்பெடுத்தால் திணைக்களங்கள் ஒன்றுக்கொன்று ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று எழுதிக்கொண்டிருக்காது. 2025 பெப்ரவரியில் கவ்பே வந்தது, அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசை ஒன்லைனில் கட்டலாம். இந்திய உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை வேலை நடக்கிறது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி மோடி கொழும்பில் நின்றபோது டிஜிட்டல் உதவிக்கும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கும் ஒரே நாளில் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. எங்கள் எண்ணெய்க் குதங்களும் எங்கள் கைரேகையும் ஒரே தட்டத்தில் போனதாகக் கடையில் ஒருவர் சொன்னார். பகிடிதான். ஆனாலும் நான் சிரிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது.

எனக்கு உறுத்துகிறது வேறு. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது ஃபேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு மட்டக்களப்பில் சொந்தம். வட்ஸ்அப்பில் ஒரு டிக்கோடு செய்திகள் நின்றன. சாதாரண கோல் எடுத்தால் கிடைத்தது, ஆனால் லண்டனிலிருக்கும் தங்கச்சிக்கு அது தெரியாது, அவள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். 2022 ஏப்ரல் 3, கோட்டாபயவுக்கு எதிராக ஊர்வலம் என்று ஊரடங்கு போட்ட நாள், மறுபடியும் முடக்கம். அப்போது ஆணைக்குழு தொழில்நுட்ப அமைச்சின் கீழ். ஆனால் முடக்கச் சொல்லிக் கேட்டது பாதுகாப்பு அமைச்சு. பலகை மாறினாலும் பழைய பாதை மாறவில்லை. அன்று பின்னேரத்துக்குள் என் கடைக்கு வந்த பத்தாம் வகுப்புப் பெடியங்கள் எல்லோருடைய போனிலும் வி.பி.என். இருந்தது. இரவுக்குள் தடையை எடுத்துவிட்டார்கள்.

பிடித்து நிறுத்தக் கை நீளும் அளவுக்குப் பத்திரமாக வைத்திருக்கக் கை நீளவில்லை என்பதும் உண்டு. 2023 ஓகஸ்ட் கடைசியில் அரசாங்கக் கிளவுட்டில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான், அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அப்பா காலத்துத் தபால் கந்தோரில் பதிவுத் தபால் ஒன்று தவறினாலே விசாரணை வைப்பார்கள்.

பிறகு தமிழ். 2010இலேயே ‘.இலங்கை’ என்று தமிழில் இணையப் பெயர் கிடைத்துவிட்டது. உலகத்தில் எத்தனை மொழிக்கு அப்படி உண்டு? பெருமைதான். ஆனால் எனக்கு வருகிற தமிழ்ப் படிவங்களில் பாதி இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் ‘jkpo;’ என்கிற மாதிரிக் குப்பையாகத் தெரியும், அது ‘தமிழ்’ என்று வாசிக்க எனக்குக் கண் பழகிவிட்டது. புதிய செயலிகளில் தமிழைத் தட்டினால் முதல் பக்கம் தமிழ், இரண்டாம் பக்கம் இங்கிலீஷ், பிழைச் செய்தி வந்தால் சிங்களம். அப்பா ஃபாதர் எக்ஸ்பயர்ட் என்று மொழிபெயர்த்தார், நான் இன்வலிட் என்ட்ரி என்பதை மொழிபெயர்க்கிறேன்.

போன கிழமை மூதூரிலிருந்து ஒரு காக்கா வந்தார் (முஸ்லிம் மூத்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்), எழுபது வயது இருக்கும். ஒரு சேவைக்கு ஒன்லைனில் காசு கட்ட வேண்டும். முன்பு அந்தக் கந்தோரில் காசாகக் கட்டினவர், இப்போது அங்கே வாங்குகிறதில்லையாம். விபரமெல்லாம் போட்டேன். ஓ.டி.பி. அனுப்பியாயிற்று என்றது திரை. அவருடைய போனைப் பார்த்தோம். ஒன்றுமில்லை.

“காக்கா, எந்த நம்பர் குடுத்து வச்சிருக்கீங்க?”

“மகன்ட நம்பர். அவன்தான் பதிஞ்சு தந்தவன்.”

“மகன் எங்க?”

“கட்டார்ல.”

மகனுக்கு எடுத்தோம். முதல் தரம் தூக்கவில்லை. வேலை நேரம். ஓ.டி.பி. காலாவதி. இரண்டாம் தரம் தூக்கினான், இலக்கம் சொல்லச் சொல்ல பின்னால் ஏதோ பெரிய இயந்திரம் இரைந்தது, ஒரு இலக்கம் பிழைத்தது. மூன்றாம் தரம் சரியான இலக்கம், ஆனால் தட்டி முடிக்க முதல் நேரம் போய்விட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து முயலவும் என்று திரை சொன்னது. நான் பிளேன்டீ எடுத்து வரச் சொன்னேன். காக்கா முக்காலியில் இருந்தார். பழைய கூண்டிலிருந்த அதே முக்காலி. மகன் வாட்ஸ்அப்பில் வீடியோவில் வந்தான், தலையில் மஞ்சள் தொப்பி. “வாப்பா சாப்பிட்டீங்களா?” என்றான். இரண்டு பேரும் கதைத்தார்கள். குரல் சுணங்கவில்லை, மீட்டர் ஓடவில்லை. நாலாம் தரம் இலக்கம் வந்தது, அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான், நான் தட்டினேன், விழுந்தது.

பற்றுச்சீட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழாகப் பார்த்தார். அடியில் ‘இது கணினியால் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை’ என்று இங்கிலீஷில் இருந்ததை வாசித்துச் சொன்னேன்.

“அது சரி தம்பி. சீல் ஒண்டும் இல்லையே?”

“இதுக்குச் சீல் தேவையில்ல காக்கா.”

“இல்லாமக் கொண்டு போனா ஆர் நம்புவான்?”

விளங்கப்படுத்திப் பார்த்தேன். தலையை ஆட்டினார், எழும்பவில்லை. கடைசியில் லாச்சியைத் திறந்தேன். பழைய கொமினிகேஷன் கடையின் ரப்பர் சீல் கிடந்தது, கடைப் பெயரும் 026 என்று தொடங்குகிற, இப்போது வேலை செய்யாத இலக்கமும் உள்ளது. மைத் திண்டு காய்ந்துபோயிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். வெறுங் கடதாசியில் ஒருதரம் குத்திப் பார்த்தேன், வட்டம் முழுசாக விழவில்லை. இன்னொரு தரம். பிறகு பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினேன்.

காக்கா அதை ஊதிக் காயவைத்து, நாலாக மடித்து, சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.